சிங்கத்தைப் பாடிய பறவை

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

உலகில் சிலருடைய பெயர் வாழ்கிறது. அவர் செய்த செயல் மறைந்துவிடுகிறது. வேறு சிலருடைய செயல் வாழ்கிறது, பெயர் மறைந்துவிடுகிறது. இவ்விரண்டாம் வகையினரே உண்மையில் இரங்கத்தக்கவர்கள். உழைத்தவன் ஒருவன், உண்டவன் மற்றொருவன் என்னும் கொடுமை வயல்வெளியில் மட்டும் நிகழ்வதன்று, இசையுலகிலும் நிகழ்ந்திருக்கிறது. அதற்குச் சான்றாக விளங்கும் ஒரு மாபெரும் கலைஞனின் வாழ்க்கையை நம் கல்லூரி மலரின் வாயிலாக மாணவத் தோழர்களுக்கு அறிமுகப்படுத்த விழைகிறேன். அவர்தாம் தென்னாப்பிரிக்கப் பாடகர் சாலமன் லிண்டா.

‘லயன் கிங்’ என்னும் திரைப்படத்தைப் பார்க்காத மாணவர் நம்மில் குறைவு. அதில் கீரியும் காட்டுப்பன்றியும் சேர்ந்து ஒரு சிங்கப் பாட்டைப் பாடும். அந்த மெட்டை முணுமுணுக்காத குழந்தை இல்லை எனலாம். அம்மெட்டு ஹாலிவுட்டில் பிறக்கவில்லை. 1939ஆம் ஆண்டில், ஜோகன்னஸ்பர்க் நகரில், இசைத்தட்டுகளைப் பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்த ஒரு கறுப்பினத் தொழிலாளியின் தொண்டையில் பிறந்தது. அதை அறிந்த நாள் முதல் அம்மனிதரைப் பற்றி எழுத வேண்டும் என்ற ஆவல் எனக்கு இருந்து வந்தது.

பிறப்பும் இளமையும்

சாலமன் லிண்டா 1909ஆம் ஆண்டு நேட்டால் மாகாணத்தில் பொமரோய் என்னும் சிற்றூருக்கு அருகில் பிறந்தார். அது ஜூலு மக்கள் வாழும் ம்சிங்கா வட்டாரம். மேடும் பள்ளமுமான வறண்ட பூமி. நேட்டால் என்ற பெயர் தமிழர்க்குப் புதிதன்று. 1860ஆம் ஆண்டு சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவர் சென்று இறங்கியது அந்த மாகாணத்தில்தான்.

ஜூலு மக்களுக்குக் கால்நடையே செல்வம். சிறுவர்கள் மாடு மேய்ப்பர். சாலமனும் அவ்வாறே வளர்ந்தார். மாட்டு மந்தையை நோட்டமிட வரும் சிங்கத்தைச் சிறுவர்கள் கூச்சலிட்டு விரட்டிய அனுபவமே பிற்காலத்தில் அவருடைய பாடலுக்குக் கருவாயிற்று என்பர்.

கிறித்தவப் பாதிரிமார் நடத்திய பள்ளியில் அவர் சில காலம் பயின்றார். அங்கே வழிபாட்டுப் பாடல்களின் வழியாக மேலைநாட்டுக் கூட்டிசை அறிமுகமாயிற்று. ஊர்த் திருமணங்களிலோ ஜூலு மக்களின் தொன்மையான பாடல்முறை ஒலித்துக்கொண்டிருந்தது. ஒருவர் முன்னே பாட, மற்றவர் பின்னே எடுத்துப் பாடுவது அம்முறை. அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் குழுக்கள் 1890ஆம் ஆண்டு முதலே தென்னாப்பிரிக்காவுக்கு வந்து பாடிச் சென்றிருந்தமையால், அவர்களுடைய துள்ளல் நடையும் நாட்டுப்புறம் வரை பரவியிருந்தது. இம்மூன்றும் அவ்விளைஞர் உள்ளத்தில் ஒன்று கலந்தன.

நகரம் நோக்கி

இசை இருந்தது, வயிற்றுக்குச் சோறு இல்லை. 1886இல் ஜோகன்னஸ்பர்க் பகுதியில் தங்கம் கண்டெடுக்கப்பட்டது. சுரங்கத்திற்கு ஆள் வேண்டும். 1913ஆம் ஆண்டு இயற்றப்பட்ட நிலச்சட்டம் பெரும்பான்மையினராகிய கறுப்பின மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டுமே ஒதுக்கிற்று. உழ நிலமில்லை, ஆனால் வரி மட்டும் கட்ட வேண்டும். எனவே இளைஞர்கள் ஊரைவிட்டு நகரத்துக்குச் சென்றனர். அவர்களாகச் சென்றார்கள் என்பதைவிட, துரத்தப்பட்டார்கள் என்பதே பொருந்தும். நகரத்திலும் அவர்கள் குடிமக்கள் அல்லர், கூலிகள். கையில் அனுமதிச் சீட்டு இல்லாமல் தெருவில் நடந்தால் சிறை. மனைவி மக்களைப் பிரிந்து, ஆண்கள் மட்டும் தங்கும் நெருக்கமான விடுதிகளில் அவர்கள் வாழ்ந்தனர்.

1931ஆம் ஆண்டு, இருபத்திரண்டு வயதில், சாலமன் லிண்டா ஜோகன்னஸ்பர்க் வந்து சேர்ந்தார். ஒரு மரச்சாமான் கடையில் வேலை கிடைத்தது. அவருடைய மாமன்மார் நடத்திய ‘ஈவினிங் பேர்ட்ஸ்’, அதாவது ‘மாலைப் பறவைகள்’ என்னும் பாடகர் குழுவில் சேர்ந்தார். 1933இல் அக்குழு கலைந்தது. பின்னர் கார்ல்டன் ஓட்டலில் வேலை பார்த்துக்கொண்டே, அதே பெயரில் தம் ஊர் நண்பர்களைக் கொண்டு புதிய குழு ஒன்றை அமைத்தார். பகலில் எச்சில் தட்டு, மாலையில் பாட்டு. பெயர் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

இசையில் செய்த புதுமை

அக்காலத்தில் அவ்விடுதிகளில் சனிக்கிழமை இரவு பாட்டுப் போட்டிகள் நடக்கும். ஒரு குழுவுக்குப் பின் ஒரு குழுவாகப் பொழுது விடியும் வரை பாடுவர். யாருக்கும் வேண்டியவராக இருக்கக் கூடாது என்பதற்காக, மொழியே அறியாத வெள்ளையர் ஒருவரை நடுவராக அழைத்து வந்து உட்கார வைப்பதும் உண்டாம். பரிசு பெரிதன்று, ஊர்ப்பெயரைக் காப்பாற்றிய பெருமையே பெரிது. வாரம் முழுவதும் பெயரின்றி ‘ஏ, பையா’ என்று அழைக்கப்பட்டவர்கள், அந்த ஓர் இரவில் மட்டும் பெயரும் முகமும் உடைய மனிதர்களாக நின்றார்கள்.

லிண்டாவின் குழுவினர் ஒரே மாதிரியான கோடு போட்ட கோட்டும் தொப்பியும் பளபளக்கும் காலணியும் அணிந்து மேடையேறுவர். நகரத்து நாகரிகத்தை இவ்வாறு உடுத்திக்கொண்டு பாடிய முதற்குழுக்களுள் அதுவும் ஒன்று. உடையைவிடக் குரலில் அவர்கள் செய்த புதுமையே நிலைத்தது. அவர்கள் அறுவர். லிண்டா எல்லாருக்கும் மேலே, பெண்குரலோ என ஐயுறும் உச்சத்தில் பாடுவார். இருவர் இடைக்குரல். மற்ற மூவரும் அடிக்குரல். அதுவரை ஒரு குழுவுக்கு ஓர் அடிக்குரல் போதும் என்றிருந்தனர். லிண்டா அதனைப் பெருக்கி, கீழே கனத்த அடித்தளம் ஒன்றை எழுப்பினார். அதன்மேல் தம் ஒற்றைக் குரலைப் பறவைபோல் பறக்கவிட்டார்.

இயற்பியல் மாணவன் என்ற முறையில் இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் ஆய்வகத்தில் சுரமானிக் கம்பியின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் இரட்டிப்பாகி, அதே சுரம் மேல்ஸ்தாயியில் ஒலிக்கக் கேட்டிருக்கிறோம். அதிர்வெண்ணில் சிறிதே வேறுபட்ட இரு இசைக்கவைகளை ஒருங்கே தட்டினால் விம்மல்கள் எழுவதை எண்ணிக் கணக்கிட்டிருக்கிறோம். மூவர் ஒரே சுரத்தைப் பாடும்போது அவர்களுள் ஒருவர் சற்றே பிசகினாலும் அத்தகைய விம்மல் எழும், ஒலி கலங்கிவிடும். சுருதிப் பெட்டியும் இல்லை, ஆர்மோனியமும் இல்லை. ஒருவர் குரலை மற்றவர் காதால் அளந்து, அந்த விம்மல் அடங்கும் வரை தம் குரலைத் திருத்திக்கொண்டே பாட வேண்டும். நாம் கருவி கொண்டு செய்யும் சோதனையை அத்தொழிலாளர்கள் செவியால் செய்தார்கள். இதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. படிப்பு என்பது கல்லூரிச் சுவருக்குள் மட்டும் இல்லை என்பதும் விளங்குகிறது.

1939

கார்ல்டன் ஓட்டலுக்குப் பின் லிண்டா காலோ இசைத்தட்டு நிறுவனத்தின் தொழிற்கூடத்தில் தட்டுகளைப் பெட்டியிலிடும் வேலைக்குச் சேர்ந்தார். எரிக் காலோ என்னும் இத்தாலிய வமிசத்தவர் தொடங்கிய நிறுவனம் அது. சகாராப் பாலைவனத்துக்குத் தெற்கே ஒலிப்பதிவுக்கூடம் என்று அப்போது இருந்தது அது ஒன்றே. அங்கே கிரிஃபித் மோட்சியலோவா என்னும் கறுப்பினக் கலைஞர் பாடகர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருந்தார். அவர் கண்ணில் ‘மாலைப் பறவைகள்’ பட்டனர்.

பதிவு தொடங்கியது. அன்று பாடிய பாடல்களுள் ஒன்று ‘ம்பூபே’. ஜூலு மொழியில் அதற்குச் சிங்கம் என்று பொருள். சொற்கள் மிகச் சில. சிங்கத்தை விளித்துப் பாடும் அடிகள். முதலிரு முறையும் பாடல் சரியாக அமையவில்லை. மூன்றாம் முறை, சில கருவிகளின் துணையோடு மீண்டும் தொடங்கினர். அடிக்குரல்கள் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப அலைபோல் எழுப்பிக்கொண்டிருந்தன. லிண்டா சொல்லின்றி உச்சத்தில் கூவினார்; இறங்கினார்; மறுபடி ஏறினார். பாடல் முடியும் தறுவாயில், ஒத்திகையில் இல்லாத, எவரும் எழுதித் தராத ஒரு மெட்டு அவர் வாயிலிருந்து புறப்பட்டது. பதினைந்தே சுரங்கள். உலகம் இன்று பாடுவது அதைத்தான்.

தட்டு வெளிவந்தது. 1949ஆம் ஆண்டுக்குள் ஏறத்தாழ 1,00,000 படிகள் விற்றன எனக் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்நாளில் தென்னாப்பிரிக்காவில் அது மாபெரும் எண்ணிக்கை. அந்தப் பாடல்முறைக்கே ‘ம்பூபே’ என்று பெயர் ஏற்பட்டது. ஒரு மனிதரின் ஒரு பாட்டு ஓர் இசை வகைக்கே பெயராக அமைவது எத்தனை பேருக்கு வாய்க்கும்?

பத்துச் சில்லிங்

வாய்த்த பேற்றுக்கு விலை என்ன தெரியுமா? பத்துச் சில்லிங். அரைப் பவுன். அதைப் பெற்றுக்கொண்டு அப்பாடலின் உரிமையைக் காலோ நிறுவனத்துக்கு லிண்டா எழுதிக் கொடுத்தார். அத்துடன் அவருடைய பங்கு தீர்ந்தது. தம்முடைய பாட்டு அடங்கிய தட்டையும் அவர் அதே தொழிற்கூடத்தில் மற்றத் தட்டுகளோடு கூலிக்கு அடுக்கினார் என்று எண்ணிப் பாருங்கள்.

அவர் ஏன் கையெழுத்திட்டார் என்று நம்மில் சிலர் கேட்கலாம். அந்தக் கேள்விக்கு விடை காண நான் தென்னாப்பிரிக்கா வரை போக வேண்டியதில்லை. என் பாட்டனார் ஒரு திருமணச் செலவுக்காகக் கடன் வாங்கி, ஒரு பத்திரத்தில் கைநாட்டு வைத்தார். அதில் என்ன எழுதியிருந்தது என்று படித்துச் சொல்ல எங்கள் தெருவில் அன்று ஒருவரும் இல்லை. அடைமானம் என்று அவர் நினைத்தது கிரயம் என்று பிறகு தெரிந்தது. முக்கால் ஏக்கர் மானாவாரி நிலம் போயிற்று. அதே நிலத்தில் என் தந்தையார் கூலிக்குக் களை வெட்டியிருக்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இன்று எங்கள் தெருவில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் என்னிடம் கொண்டு வருகிறார்கள். ‘தம்பி, இதிலே என்ன போட்டிருக்கு?’ என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு லிண்டாவின் நினைவு வரும். ஆளுபவன் மொழியில், ஆளுபவன் சட்டத்தில் எழுதப்பட்ட தாளின் முன்னே நிற்கும் ஏழைக்குப் பேனாவும் கைநாட்டு மையும் ஒன்றுதான்.

கடல் கடந்த பாட்டு

மனிதருக்கு இல்லாத அனுமதிச் சீட்டு பாட்டுக்குக் கிடைத்தது. ஆலன் லோமாக்ஸ் என்னும் நாட்டுப்புற இசை ஆய்வாளர் வாயிலாக அத்தட்டு அமெரிக்கப் பாடகர் பீட் சீகரின் கைக்குப் போயிற்று. அவர் அதைக் காதால் கேட்டு எழுதிக்கொண்டார். ‘உயிம்பூபே’ என்ற ஜூலுச் சொல் அவர் காதில் ‘விமோவே’ என்று விழுந்தது. அவருடைய ‘வீவர்ஸ்’ குழு அதே பெயரில் அப்பாட்டைப் பாடி 1952இல் புகழ் பெற்றது. இயற்றியவர் என்ற இடத்தில் சாலமன் லிண்டாவின் பெயர் இல்லை. அக்குழுவினர் பயன்படுத்திய புனைபெயர் ஒன்று இருந்தது. உண்மையில் இயற்றியவர் இன்னார் என்று அறிந்தபின் சீகர் 1,000 டாலர் அனுப்பச் செய்தார். அவருடைய நல்லெண்ணத்தை நாம் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒருவருடைய நல்லெண்ணத்தால் கிடைப்பது உதவி. சட்டத்தால் கிடைப்பதுதான் உரிமை.

1960இல் தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபாவும் அதனைப் பாடிப் பதிவு செய்தார். 1961இல் ஜார்ஜ் வைஸ் என்பவர் அம்மெட்டுக்கு ஆங்கிலச் சொற்களை அமைக்க, ‘டோக்கன்ஸ்’ என்னும் இளைஞர் குழு பாடியது. அவ்வாண்டு டிசம்பரில் அப்பாட்டு அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. பதினைந்து சுரங்களை வாயில் ஏற்றிய மனிதர் அப்போது உயிரோடு இருந்தார், நோயோடும் இருந்தார்.

இறுதி நாட்கள்

‘மாலைப் பறவைகள்’ 1948இல் கலைந்துவிட்டனர். அதே ஆண்டில்தான் நிறவெறிக் கொள்கையை முழக்கமாகக் கொண்ட கட்சி தென்னாப்பிரிக்காவில் ஆட்சிக்கு வந்தது. மறு ஆண்டு லிண்டா ரெஜினா என்னும் பெண்மணியை மணந்தார். சோவெட்டோ குடியிருப்பில் குடும்பம் நடத்தினார். தம்மவரிடையே அவருக்குப் பெரும்புகழ் இருந்தது. புகழால் அடுப்பு எரியவில்லை. தொடர்ந்து மேடைகளில் பாடி வந்தார். 1959ஆம் ஆண்டு பாடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் மயங்கி விழுந்தார். சிறுநீரகம் பழுதுபட்டிருந்தது. மூன்று ஆண்டுகள் துன்புற்று 1962ஆம் ஆண்டு தம் ஐம்பத்து மூன்றாம் வயதில் உயிர் நீத்தார். அவர் வங்கிக் கணக்கில் 25 டாலர் மதிப்புள்ள பணம்கூட இல்லை. அவர் கல்லறைக்கு ஒரு கல் நடுவதற்கே குடும்பத்தினருக்குப் பதினெட்டு ஆண்டுகள் ஆயின.

மறைவுக்குப் பின்

1994இல் ‘லயன் கிங்’ வெளிவந்து உலகெங்கும் ஓடியது. 2000ஆம் ஆண்டு ரியான் மாலன் என்னும் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் இவ்வரலாறு முழுவதையும் ஆராய்ந்து ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் எழுதினார். அப்பாட்டு ஈட்டிய உரிமைத்தொகை 1.5 கோடி டாலர் அளவில் இருக்கலாம் என்பது அவருடைய மதிப்பீடு. அதில் லிண்டாவின் பெண்மக்களுக்கு வந்தது மிகச் சொற்பம்.

அப்போது ஒரு பழைய சட்டம் துணைக்கு வந்தது. 1911ஆம் ஆண்டுப் பிரிட்டிஷ் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விதி உண்டு. ஓர் ஆசிரியர் தம் வாழ்நாளில் உரிமையை விற்றிருந்தாலும், அவர் இறந்து 25 ஆண்டுகள் கழிந்தபின் அது அவர் வாரிசுகளுக்கே திரும்பிவிடும் என்பது அவ்விதி. பேரரசு முழுவதற்குமாக இயற்றிய சட்டம் அது. ஆள்பவர் எழுதிய சட்டமே ஆளப்பட்டவருக்கு ஆயுதமாயிற்று! அக்கணக்குப்படி 1987ஆம் ஆண்டே பாடல் லிண்டாவின் குடும்பத்துக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஓவன் டீன் என்னும் தென்னாப்பிரிக்கச் சட்ட அறிஞர் இதை எடுத்துக்காட்ட, 2004இல் டிஸ்னி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. 2006 பிப்ரவரியில் அமெரிக்க உரிமையாளரோடு உடன்பாடு ஏற்பட்டது. ‘ம்பூபே’தான் மூலம் என்பதும், லிண்டா அதன் இணை ஆசிரியர் என்பதும் ஏற்கப்பட்டன. குடும்பத்தினருக்குத் தொகை வழங்கவும் ஏற்பாடாயிற்று. பாடி 67 ஆண்டுகள், இறந்து 44 ஆண்டுகள் கழிந்தபின் கிடைத்த நீதி அது.

விதை முளைத்த கதை

லிண்டா ஊன்றிய விதை வீண்போகவில்லை. ‘ம்பூபே’ என்ற உரத்த பாணி பின்னர் மென்மை பெற்று, பூனைபோல் அடியெடுத்து வைத்துப் பாடும் ‘இசிகாத்தமியா’ என்னும் கலையாக வளர்ந்தது. நேட்டாலின் லேடிஸ்மித் நகரைச் சேர்ந்த ஜோசப் ஷபலாலா அமைத்த ‘லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ’ என்னும் குழு அதில் சிறந்து விளங்கியது. மம்பாசோ என்றால் கோடரி. போட்டிக்கு வந்த குழுக்களையெல்லாம் வெட்டிச் சாய்த்ததால் அப்பெயர். 1973ஆம் ஆண்டு ‘அமபுத்தோ’ என்னும் அவர்களுடைய முதல் இசைத்தொகுப்பு வெளிவந்து பல்லாயிரக்கணக்கில் விற்றது. அதை வெளியிட்டதும் அதே காலோ நிறுவனம்தான். அதில் கருவி எதுவும் இல்லை. கனத்த அடிக்குரல்களின் மேல் ஒரு தனிக்குரல் மட்டும். அந்த அமைப்பைக் கேட்பவர்கள் அதன் வேர் எங்கே இருக்கிறது என்பதை எளிதில் கண்டுகொள்ளலாம். 1986இல் அமெரிக்கப் பாடகர் பால் சைமனோடு சேர்ந்து பாடி அக்குழுவினர் உலகப்புகழ் எய்தினர். கிராமி விருதும் பெற்றனர். இம்முறை தட்டின் மேல் அவர்களுடைய பெயர் இருந்தது. லிண்டாவுக்குக் கிடைக்காதது அவர் வழிவந்தோர்க்குக் கிடைத்தது.

நாம் கொள்ள வேண்டியது

மாணவத் தோழர்களே! இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? லிண்டாவிடம் திறமை குறைவாக இருந்ததா? இல்லை. உழைப்பு குறைவா? இல்லை. அவரிடம் இல்லாதது அந்தத் தாளைப் படித்து, இது நியாயமில்லை என்று மறுத்துச் சொல்லும் வலிமை ஒன்றே. அவ்வலிமையை அவருக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொண்டது அன்றைய அரசு. நமக்கோ அது கல்வியின் வடிவில் கிடைத்திருக்கிறது. கட்டணச் சலுகையும் உதவித்தொகையும் இல்லையேல் என்போன்றோர் இவ்வகுப்பறையில் அமர்ந்திருக்க முடியாது. அப்படிப் பெற்ற கல்வியை வேலைக்கு மட்டும் பயன்படுத்துவது போதாது. நம் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாதவர் கையெழுத்திடும் முன் அந்தத் தாளை அவருக்குப் படித்துக் காட்டுவதும் நம் கடமை.

மற்றொன்றும் உண்டு. நம் ஊர்களிலும் நடவுப் பாட்டும் ஒப்பாரியும் பாடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அவற்றைக் கைப்பேசியில் பதிவு செய்யும் மாணவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். பதிவு செய்யும்போது பாட்டின் கீழே பாடியவரின் பெயரையும் ஊரையும் தவறாமல் எழுதுவோம். சாலமன் லிண்டாவுக்கு நாம் செலுத்தக்கூடிய அஞ்சலி அதுவே.